ஒளிராத வாய்க்கால்

சேரன்மகாதேவி
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள பிரேமாவுக்கு,

மதினி முத்துராணி எழுதுவது. நானும் உன் அண்ணனும் மகள் வடிவும் சௌக்கியமாக இருக்கிறோம். பெங்களூர்க் குளிர் உன் தொண்டையை விட்டுவைத்திருக்கிறதா என்று எழுது.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. தபால்காரர் தாணுமாலையன் இப்போதெல்லாம் கதவைத் தட்டுவதில்லை. தட்டினால் எனக்குக் கேட்காது என்று தெரிந்துகொண்டு, ஜன்னல் வழியே கையை விட்டு ஆட்டுகிறார். "இந்தத் தெருவுல கையால எழுதுன கடுதாசி ஒங்களுக்கு மட்டுந்தான் வருது" என்று சொன்னார். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

காது போன இந்த இரண்டு வருஷத்தில் எல்லோரும் என்னிடம் பேச்சைச் சுருக்கிவிட்டார்கள். சாப்பிட்டாயா என்பதற்கு ஒரு கை, சரி என்பதற்கு ஒரு தலையசைப்பு. போனில் எழுதி அனுப்பினாலும் ஒரு வரிதான். நாலு பக்கம் எழுதுகிறவள் நீ ஒருத்திதான். அதற்கு நன்றி. நம் வீட்டில் இந்த வார்த்தையை வாயால் சொல்லிப் பழக்கமில்லை. எழுதுவது எளிதாக இருக்கிறது.

அங்கன்வாடி வேலையை விட்டது சரியா என்று கேட்டிருந்தாய். குழந்தை எனக்குப் பின்னால் விழுந்து அழுதால் கேட்காத டீச்சர் எதற்கு? இப்போது ஜாக்கெட் தைக்கிறேன். துணி அழுவதில்லை.

உன் அண்ணன் நெல் அறுக்கும் மெஷின் ஓட்டத்தான் போகிறார். என்னிடம் கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் எதிரே உட்கார்ந்து பேசுவதில்லை, பக்கவாட்டில் உட்கார்ந்துகொள்கிறார். பக்கவாட்டில் இருந்தால் எனக்கு உதடு தெரியாது. அந்தக் காய்ச்சலின்போது ஊசி போடச் சம்மதம் என்று ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டவர் அவர். காய்ச்சல் போயிற்று, காதும் போயிற்று. நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதுவே அவருக்குச் சுமையோ என்னவோ.

உன் வேலை என்னவென்று வடிவிடம் கேட்டால் "சிப்பு" என்கிறாள். எனக்கு விளங்கும்படி எழுது.

வேளைக்குச் சாப்பிடு.

உன் மதினி,
முத்துராணி

•

பெங்களூர்
1 செப்டம்பர் 2024

அன்புள்ள மதினிக்கு,

தொண்டை நன்றாக இருக்கிறது. உங்களுக்குத் தலைசுற்றல் குறைந்ததா? காதோடு சேர்ந்து வருகிற சுற்றல் அது, திடீரென்று எழுந்திருக்காதீர்கள்.

என் வேலையைச் சொல்கிறேன். வடிவு சொல்லும் சிப்பு, பிஸ்கெட் அளவில் ஒரு கண்ணாடித் துண்டு. அதற்குள் தலைமுடி கனத்தில் பல வாய்க்கால்கள். நம் கன்னடியன் கால்வாயிலிருந்து வயலுக்கு மடை பிரிகிற மாதிரிதான். ஒவ்வொரு வாய்க்காலிலும் ஒவ்வொரு மருந்தைத் தடவி உலர்த்தி வைத்திருப்போம். நோயாளியின் சிறுநீரில் ஒரு சொட்டோடு ஒரு சாயத்தைச் சேர்த்து உள்ளே விடுவோம். உயிரோடு இருக்கும் கிருமி அந்தச் சாயத்தைத் தின்றால் அது ஒளிரும். மருந்து கிருமியைக் கொன்றிருந்தால் அந்த வாய்க்கால் மங்கிக் கிடக்கும். விளக்கையும் கேமராவையும் அமைத்து, எது ஒளிர்கிறது, எது மங்குகிறது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. ஒளிராத வாய்க்காலில் இருப்பதுதான் அந்த நோயாளிக்கான மருந்து.

வழக்கமான முறையில் கிருமியை வளர்த்துப் பார்க்க இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை டாக்டர்கள் உத்தேசமாகத்தான் மருந்து கொடுக்க வேண்டும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இந்தக் கண்ணாடியும் கேமராவும் அடங்கிய எங்கள் பெட்டி, காலையில் சிறுநீர் கொடுத்தால் சாயங்காலம் சொல்லிவிடும்.

சோதித்துப் பார்க்க அந்தப் பெட்டி அடுத்த மாதம் திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரிக்கு வருகிறது. பொருத்த நானும் வருகிறேன். உங்கள் கையால் சொதி வேண்டும்.

அன்புடன்,
பிரேமலதா

•

சேரன்மகாதேவி
27 அக்டோபர் 2024

அன்புள்ள பிரேமாவுக்கு,

நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது தெரிந்தது. இங்கே எல்லோரும் நலம். மழை தொடங்கிவிட்டது, நாற்று பாவுகிறார்கள்.

நீ இருந்த அந்த இரண்டு நாளும் வீட்டில் பேச்சு இருந்தது. எனக்குக் கேட்காவிட்டாலும் வாய்கள் அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவே நிறைவாக இருந்தது.

ஆராய்ச்சிக்குச் சிறுநீர் கொடுக்கப் பெண்கள் தயங்குகிறார்கள் என்று சொன்னாயே. ஜாக்கெட் தைக்க வருகிறவர்களிடம் நான் சொல்லிப் பார்த்தேன். அலிமா பீவி விழுந்து விழுந்து சிரித்தாள். "மூத்திரத்தப் போயி போட்டோ புடிக்காவளாக்கும்?" என்றாள். நான் என் காதைத் தொட்டுக் காட்டினேன். சிரிப்பு நின்றுவிட்டது. அவள் மருமகளுக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு வரும், அழைத்துப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

உன்னை ஜங்ஷனில் ரயில் ஏற்றிவிட்டு வந்த உன் அண்ணன் சாப்பிடாமல் படுத்துவிட்டார். வழியில் ஏதும் பேசினீர்களா? பேசியிருந்தாலும் எழுத வேண்டாம். கேட்டேன், அவ்வளவுதான்.

உன் மதினி,
முத்துராணி

•

சேரன்மகாதேவி
29 நவம்பர் 2024

அன்புள்ள பிரேமாவுக்கு,

முதலில் இதைப் படி: வடிவு நன்றாக இருக்கிறாள். வீட்டுக்கு வந்துவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டிருக்கிறாள். இனிமேல் எழுதுவதையெல்லாம் அதை மனதில் வைத்துக்கொண்டு படி.

காலேஜிலிருந்து வந்தவள் குளிர்கிறது என்று போர்த்திப் படுத்தாள். முதுகு வலி, வாந்தி. இங்கே கொடுத்த மாத்திரை கேட்கவில்லை. திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம். உன் பெட்டி இருக்கிற அதே ஆஸ்பத்திரி. எனக்கு வந்தது போலவே கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிட்டது என்றார்கள். உன் அண்ணனும் வடிவும் உனக்குப் போன் போட எடுத்தார்கள். நான்தான் பிடுங்கிவைத்தேன். பெட்டியைப் பார்க்கிற கண் கலங்கக் கூடாது என்று நினைத்தேன். கோபித்துக்கொள்ளாதே.

சேர்த்த அன்று காலையிலேயே உன் ஆராய்ச்சிக்கு என்று கேட்டு வந்தார்கள். "எங்க அத்தையோட மெஷினு, எடுத்துக்கிடுங்க" என்று காய்ச்சலிலும் சொன்னாளாம் வடிவு. அத்தை யார் என்று யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது.

மத்தியானம் இரத்த அழுத்தம் இறங்கியது. நர்ஸ் ஒரு மருந்துக் குப்பியை எடுத்து வந்தாள். அந்தக் குப்பியின் மூடி நிறம் எனக்கு மறக்குமா? பெயரையும் படித்தேன். அதே ஊசி. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். விடவில்லை. எனக்கே கேட்காத குரலில் கத்தியிருக்கிறேன், வார்டே திரும்பிப் பார்த்தது.

உன் அண்ணனிடம் சம்மதக் காகிதத்தை நீட்டினார்கள். அவர் என்ன சொன்னார் என்று வடிவு பிறகு எழுதிக் காட்டினாள். "நான் போட மாட்டேன் சார். ஒருதடவ போட்டுட்டேம்லா. அதுக்கப்புறம் எம் பொண்டாட்டி எங் கொரலக் கேட்டதில்ல" என்றாராம். பிறகு வராந்தாவில் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாராம்.

டாக்டர் மெர்வின் என்று ஒருவர். சின்ன வயதுதான். அவர் எரிச்சல்படவில்லை. என்னை உட்கார வைத்து, ஒரு காகிதத்தில் எழுதிக் கேட்டார்: உங்களுக்குக் காது போனது இந்த ஊசியாலா? ஆமாம் என்றேன். தாய் வழியில் பிள்ளைக்கும் அப்படி ஆக வாய்ப்புண்டு, சொன்னது நல்லது என்று எழுதினார். பிறகு எழுதினார்: கீழே ஒரு சோதனைப் பெட்டி இருக்கிறது. அதன் முடிவை ஆராய்ச்சி முடியும் வரை நாங்கள் பார்க்கக் கூடாது என்பது விதி. பெரியவர்களிடம் அனுமதி கேட்கிறேன். சாயங்காலம் வரை பொறுக்கலாம், அதற்கு மேல் முடியாது.

அந்தச் சில மணி நேரத்தை எழுதத் தெரியவில்லை. வடிவின் உள்ளங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அனுமதி கிடைத்தது. வெயில் தாழ்வதற்குள் அவர் மாடி ஏறி வந்தார். என்ன சொல்கிறார் என்று நான் உதட்டைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தேன், அது போதுமாக இருந்தது. பழைய, சாதாரண மருந்து ஒன்று. அதுவே கேட்கும் என்று உன் பெட்டி சொல்லியிருக்கிறது. அதைத்தான் ஏற்றினார்கள். மறுநாள் வடிவு பசிக்கிறது என்றாள். அவளுக்குப் பின்னால் நின்று உன் அண்ணன் கையைத் தட்டிப் பார்த்தார். "எதுக்குப்பா தட்டுதிய?" என்று திரும்பினாள். அவர் அழுதார்.

பிரேமா, உனக்கு எப்படி நன்றி சொல்வது? என் பிள்ளைக்கு உயிரும் காதும் சேர்ந்தே கிடைத்திருக்கிறது.

ஒன்று கேட்கிறேன். என் கிருமிக்கும் அப்படி ஒரு சாதாரண மருந்து இருந்திருக்குமா?

உன் மதினி,
முத்துராணி

•

பெங்களூர்
8 டிசம்பர் 2024

அன்புள்ள மதினிக்கு,

நான் நலம் என்று எழுதத் தோன்றவில்லை. உங்கள் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். பிறகு வடிவிடம் போனில் பேசினேன். அவள் குரலைக் கேட்டபிறகுதான் உட்கார்ந்தேன்.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெட்டி எடுக்கும் படங்கள் இங்கே என் திரைக்கும் வரும். பெயர் இருக்காது, எண் மட்டும்தான். அன்று மத்தியானத்துக்கு மேல் வந்த படம் அவ்வளவு தெளிவாக இருந்தது. ஒளிர்கிற வாய்க்கால்களுக்கு நடுவே ஒன்று மட்டும் இருண்டு கிடந்தது. அழகாக இருக்கிறது என்று பக்கத்து மேஜைக்காரரிடம்கூடக் காட்டினேன். கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டர் கூப்பிட்டார். "இத நம்பி மருந்து குடுக்கலாமா மேடம்? ஒரு பொண்ணு, ரொம்ப முடியாம இருக்கு" என்றார். "குடுக்கலாம் டாக்டர்" என்றேன். சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போனேன்.

அது நம் வடிவு என்று தெரிந்திருந்தால் என் வாயிலிருந்து அவ்வளவு உறுதியாக வந்திருக்குமா, தெரியவில்லை. போனைப் பிடுங்கி வைத்தீர்களே, அதற்கு நான் உங்களுக்கு நன்றி சொல்கிறேன்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். உங்களுக்கு ஊசி போடுவதற்கு முன் எடுத்த சிறுநீர் இதே ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருக்கிறது. பதில் வருவதற்குள் காய்ச்சல் இறங்கிவிட்டதால் யாரும் போய்க் கேட்கவில்லை. அங்கே பழைய கிருமிகளை உறைய வைத்துப் பாதுகாக்கிறார்கள். அவற்றையும் எங்கள் பெட்டியில் ஓட்டிப் பார்க்கப் போகிறோம். நீங்கள் சம்மதம் எழுதிக் கொடுத்தால் உங்களுடையது எது என்று சொல்வார்கள்.

ஆனால் மதினி, பார்க்கத்தான் வேண்டுமா என்று நீங்கள் ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
பிரேமலதா

•

சேரன்மகாதேவி
17 டிசம்பர் 2024

அன்புள்ள பிரேமாவுக்கு,

எல்லோரும் சுகம். வடிவு காலேஜுக்குப் போகத் தொடங்கிவிட்டாள்.

யோசித்தேன். பார்.

எனக்காக மட்டும் இல்லை. நீ எழுதியதை உன் அண்ணனும் படித்துவிட்டார். சம்மதக் கடிதத்தை அவரே எடுத்துப் போய் ஆஸ்பத்திரியில் கொடுத்தார். அன்று ஊசி வேண்டாம் என்று தான் சொல்லியிருக்க வேண்டுமோ என்று இரண்டு வருஷமாக மனசுக்குள் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்பது இப்போதுதான் எனக்குத் தெரிந்தது. உன்னை ரயில் ஏற்றப் போனபோதும் இதைத்தான் கேட்டாராமே. நீ எனக்கு எழுதவில்லை.

மார்கழிப் பனியில் காதை மூடிக்கொண்டு போ.

உன் மதினி,
முத்துராணி

•

சேரன்மகாதேவி
20 ஜனவரி 2025

அன்புள்ள பிரேமாவுக்கு,

நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். பொங்கல் நல்லபடியாகப் போயிற்று. ஆற்றில் தண்ணீர் தெளிந்து ஓடுகிறது. அலிமா பீவி மருமகளுக்கு உன் ஆராய்ச்சிக்குப் போன இடத்தில் கொடுத்த மாத்திரை கேட்டுவிட்டதாம். உனக்கு என்று ஒரு சேலை வாங்கி என்னிடம் கொடுத்திருக்கிறாள். நான்தான் ஜாக்கெட் தைக்க வேண்டுமாம், உன் அளவை எழுது.

உன் கடிதம் வரவில்லை. தாணுமாலையன் இன்றும் ஜன்னலைத் தாண்டிப் போனார். வேலை அதிகமாக இருக்கும்.

உன் அண்ணன் தினமும் கேட்கிறார். அதற்காக அவசரப்படாதே.

உன் மதினி,
முத்துராணி

•

பெங்களூர்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள மதினிக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள்ளுங்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீங்களும் அண்ணனும் வடிவும் நலம்தானே?

சேலை பற்றிப் படித்துச் சிரித்தேன். அளவைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். கை கொஞ்சம் நீளமாக வையுங்கள். இங்கே பனி விலகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு நாய்க்குட்டி வளர்க்கிறார்கள், நான் வந்தால் மட்டும் குரைக்கிறது.

பெட்டியைப் பற்றி நல்ல செய்தி. வழக்கமான சோதனையோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் எங்கள் முடிவுகள் பெரும்பாலும் பொருந்துகின்றன. இனிமேல் அவசரமான நோயாளிகளுக்கு முடிவை உடனே டாக்டரிடம் சொல்லலாம் என்று விதியை மாற்றிவிட்டார்கள். டாக்டர் மெர்வின்தான் போராடி வாங்கினார். வடிவின் கதையைப் பெயர் சொல்லாமல் கூட்டத்தில் சொன்னாராம். காது போன ஒரு தாய் நர்ஸின் கையைப் பிடித்ததையும் சொன்னாராம். இது உங்களால் நடந்தது மதினி. இதை நான் உபசாரத்துக்கு எழுதவில்லை. உங்களுக்கு நாங்கள் எல்லோரும் கடமைப்பட்டிருக்கிறோம்.

உறைய வைத்திருந்த பழைய கிருமிகளையும் பார்த்து முடித்துவிட்டோம். விளக்கும் கேமராவும் குறை இல்லாமல் வேலை செய்கின்றன.

வடிவு படிப்பு முடித்ததும் இந்தத் துறைக்கு வரட்டும் என்று நினைக்கிறேன். அவளிடம் சொல்லுங்கள். அண்ணனை வெயிலில் தொப்பி போட்டுக்கொண்டு மெஷின் ஓட்டச் சொல்லுங்கள்.

அன்புடன்,
பிரேமலதா

•

சேரன்மகாதேவி
20 பிப்ரவரி 2025

அன்புள்ள பிரேமாவுக்கு,

நாங்கள் நலம். உன் கடிதம் வந்தது. ஜாக்கெட் தைத்துவிட்டேன். ஆனால் முதலில் ஒரு கையைத் தலைகீழாக வைத்துத் தைத்து, பிரித்து, மறுபடி தைத்தேன். உன் கடிதம் படித்த அன்று தைத்தது.

அந்த ஊசி ஒன்றுதான் வழி என்று பெட்டி சொல்லியிருந்தால், நீ முதல் வரியிலேயே எழுதியிருப்பாய். தபாலுக்குக்கூடக் காத்திருக்க மாட்டாய், வடிவுக்குப் போன் போட்டிருப்பாய். நாய்க்குட்டி வரைக்கும் எழுதிவிட்டு அதை எழுதவில்லை. நீ எழுத வேண்டாம். நான் படித்துவிட்டேன்.

அன்று முழுவதும் மனசு சரியில்லைதான். அங்கன்வாடிப் பிள்ளைகள் மத்தியானம் தூங்கி எழுந்ததும் ஒரு சத்தம் போடும், அது நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. அப்புறம் வடிவு காலேஜிலிருந்து வந்தாள். யாரோ கூப்பிட்டதற்குத் தெருவைத் திரும்பிப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டே படி ஏறினாள். அதைப் பார்த்ததும் எனக்குப் போதும் என்று ஆகிவிட்டது. அன்று யாரிடமும் இப்படி ஒரு பெட்டி இல்லை. யார் மேல் நான் கோபப்பட?

ஆனால் உன் அண்ணனுக்கு இது போதாது. உன் கடிதத்தை நான் அவருக்குக் காட்டவில்லை. அவர் அன்றும் கேட்டார். "பிரேமா எழுதியிருக்காளா?"

நான் சொன்னேன், "எழுதியிருக்கா. எனக்கு வந்த கிருமிக்கு அந்த ஊசிய விட்டா வேற எதுவும் கேட்டிருக்காதாம்."

"நெசமாவா?"

"நெசந்தான். நீங்க கையெழுத்துப் போடலேன்னா நான் இல்ல."

அவர் வெளியே போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவினார். நெடுநேரம் கழுவினார். திரும்பி வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார். வயலில் மெஷின் பெல்ட் அறுந்த கதையைச் சொல்லத் தொடங்கினார். பாதிதான் எனக்குப் புரிந்தது. நிறுத்தச் சொல்லவில்லை. சோறு ஆறிப்போகும் வரை பேசினார்.

உன்னைக் கேட்காமல் உன் பெயரில் ஒன்று சொல்லிவிட்டேன். நீ படித்தவள், உன் வேலையில் பொய் கூடாது என்று எனக்குத் தெரியும். அவர் கேட்டால் நீ எதுவும் சொல்லாமல் இருந்தால் போதும். நீ பார்த்ததற்கும், பார்த்ததை எழுதாமல் விட்டதற்கும் சேர்த்து என் நன்றி.

உன் மதினி,
முத்துராணி

•

மணிமுத்தாறு
16 மார்ச் 2025

அன்புத் தங்கை பிரேமாவுக்கு,

அண்ணன் இசக்கிராஜா எழுதுகிறேன். நான் சுகம். நீ சுகமா? எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள். பிசான நெல் அறுப்புக்கு இங்கே வந்திருக்கிறோம். மெஷினுக்கு டீசல் வரக் காத்திருக்கும் நேரத்தில் எழுதுகிறேன்.

உன் மதினி எல்லாம் சொன்னாள். நீ எங்களுக்குப் பெரிய உதவி செய்திருக்கிறாய். வடிவைக் காப்பாற்றினாய். என் மனசில் கிடந்த ஒன்றையும் எடுத்துப் போட்டுவிட்டாய். இப்போது ராத்திரி தூங்குகிறேன். வீட்டில் பேசுகிறேன். நான் பேசினால் அவளுக்குப் புரிகிறது பிரேமா. இவ்வளவு நாள் அது தெரியாமல் இருந்துவிட்டேன். மெதுவாக, முகத்தைக் காட்டிப் பேச வேண்டும், அவ்வளவுதான்.

ஒன்றே ஒன்று. மதினி சொன்னால் போதும். ஆனாலும் பார்த்தவள் நீ. உன் கையால் ஒரு வரி எழுதிப் போட்டால் சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன்.

டீசல் வந்துவிட்டது.

உன் அண்ணன்,
இசக்கிராஜா

•

பெங்களூர்
24 மார்ச் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகமாக இருக்கிறேன். உங்கள் கையெழுத்தில் எனக்கு வந்த முதல் கடிதம் இது. தப்பு ஒன்றும் இல்லை.

நீங்கள் கேட்ட வரியை எழுதச் சில நாள் ஆகிவிட்டது. தெரிந்ததைத்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன். எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான் அண்ணே: அன்று மதினி போய்விடுகிற நிலையில் இருந்தார்கள். நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள். அந்த ஊசி அவர்களைக் காப்பாற்றியது.

அதற்காக நான் இதுவரை உங்களுக்கு நன்றி சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். மதினி இல்லாமல் போயிருந்தால் எனக்கு நாலு பக்கம் எழுத யார் இருக்கிறார்கள்?

உங்கள் தங்கை,
பிரேமலதா